யாரால்?

இரவு எட்டரை. வன்கூவரில் ஐந்தரை.
இங்க்ரிட்டின் யன்னலுக்கு வெளியே மழை;
தண்ணீர் தண்ணீராகவே விழுகிற ஊர்.
ரிம்மின்ஸில் மைனஸ் முப்பத்தொன்று.
ட்ரக்கின் ஸ்டியரிங்கில் லாப்டொப்பைச் சாய்த்து,
கைபேசியிடம் இணையம் கடன் வாங்கி
முனைவர் பட்டம் படிக்கிறேன்.
வயது நாற்பத்தெட்டு. படிப்பில் நாலாம் ஆண்டு.
முன்கண்ணாடிக்கு அப்பால்
தமராக் தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"கம்பஸுக்கே போகாமல் என்ன டொக்டர்?
தபாலிலயா வரும்?"
ஸ்காபரோவிலிருந்து அக்கா கேட்டாள்.
இது வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு என்றேன்.
ஏழடிக்குக் கீழே
நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வார்ப்பிரும்புக் குழாய்.
ஒவ்வொரு மாரியிலும் உறைபனி மண்ணைத் தூக்கி
அதன் முதுகை முறிக்கிறது.
அதுதான் என் ஆய்வகம். வாடகை இல்லை, ஹீட்டரும் இல்லை.
அவள் சிரிக்கவில்லை.
"அப்ப தபாலிலதான்," என்றாள்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திறக்கிறாள் இங்க்ரிட்.
ஒரேயொரு வரிக்கு மஞ்சள் பூசியிருக்கிறாள்:
'குழாய் மாற்றீடு அடுத்த நிதியாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.'
ஓரத்தில் ஒரு சொல்.
யாரால்?

இருபத்திரண்டு வருடமாக
என் அறிக்கைகளில் ஆட்களே இல்லை.
கண்டறியப்பட்டது. பரிந்துரைக்கப்பட்டது. மூடப்பட்டது.
வால்வுகள் தாமே திரும்பின,
கிடங்குகள் தம்மைத் தாமே வெட்டி மூடிக்கொண்டன.
பொறியியல் இப்படித்தான் பேசும் என்று
மொறட்டுவையில் முதலாம் வருடமே பழகியாயிற்று.
தமிழும் அதற்கு வாகாகத்தான் இருக்கிறது:
எதையும் 'பட்டது' என்று முடித்தால்
செய்தவர் நழுவிவிடலாம்,
பட்டவர் மட்டும் உள்ளே நிற்பார்.

பட்டவர் திருமதி பூட்ரோ.
முந்தின வருடம் தை மாதம், அதிகாலை மூன்று மணி,
நிலவறையில் முழங்கால் தண்ணீர்.
விடியும்போது பாதி கட்டியாகியிருந்தது.
செத்துப்போன கணவரின் அக்கோர்டியன் பெட்டி
பனிக்குள் நிமிர்ந்து நின்றதைப் படமெடுத்தேன்.
இணைப்பு நான்கு, படம் ஏழு.
அதற்கு ஆறு மாதம் முன்னால்
ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம்
விரிதாளில் ஒரு வரி
கீழே இழுத்து விடப்பட்டது.
சரி. இழுத்து விட்டேன்.
காசு ஒரு தெருவுக்குத்தான் இருந்தது.
மற்றத் தெருவில் பள்ளிக்கூடம்.
காரணம் பிழையில்லை, இன்றைக்கும் அதையே செய்வேனோ என்னவோ.
ஆனாலும் இழுத்தது இந்த விரல்.

"குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை,"
என்கிறாள் இங்க்ரிட்.
"முடிவெடுத்தவரே இல்லாத ஆய்வில்
முடிவுகளைப் பற்றி எப்படி..."
தொடர்பு அறுந்துவிட்டது.
வாய் திறந்தபடி திரையில் உறைந்து நிற்கிறாள்.
இன்றைக்கு எதுதான் உறையவில்லை.

ரேமோன் கண்ணாடியில் தட்டுகிறான்,
தாடியெல்லாம் வெண்பொடி.
உடைந்த குழாயிலிருந்து ஒரு துண்டைத் தூக்கிக் காட்டுகிறான்.
சுற்றிவர விரிசல், கத்தியால் கீறினதுபோல.
"உன் படிப்புக்கு வேணுமா?"
வேணும்.
மடியில் வாங்கினால்
சேற்றோடு குளிர் தொடையில் ஏறுகிறது.
கையுறையைக் கழற்றி, மெழுகுக்கட்டி தேடி,
திகதியும் தெருவும் எழுதுகிறேன்.
எடுத்தவர் பெயர் எழுதவும் ஓர் இடம் இருக்கிறது;
வழக்கமாக அங்கே 'நகரசபை' என்று கிறுக்குவேன்.

ஆங்கிலத்தில் 'நான்' ஒற்றை எழுத்து.
ஹைட்ரன்ட் பனியில் புதைந்தாலும் தெரியட்டும் என்று
பக்கத்தில் நட்டுவைக்கும் கம்பியைப் போல
அது தனியாக நிற்கும்.
அந்த மஞ்சள் வரியின் தொடக்கத்தில் அதை நடுகிறேன்.
விரல் விறைத்ததில் இரண்டுதரம் விழுந்துவிட்டது.
ஒன்றை அழிக்கிறேன்.

"கேட்கிறதா?" இங்க்ரிட் திரும்பி வந்துவிட்டாள்.
கேட்கிறது.
வெளியே ரேமோன் தண்ணீரைத் திறந்துவிட்டான்,
துரு நிறத்தில் இரைகிறது.
தெளிய இன்னும் நேரமாகும்.